வஸ்ஸலும் சாமுராயும் ஒன்றா? கலைச்சொற்களை ஜோடி சேர்ப்பது பற்றி

ஜூன் 4, வாசகர் கேள்வி

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஐரோப்பிய இடைக்காலம், ஜப்பானிய இடைக்காலம், கூடவே அடிப்படை வணிகவியல். சொற்கள் நிறைய இருப்பதால் ஜோடி ஜோடியாக எழுதி வைத்துக்கொண்டேன். லார்ட் என்றால் டைம்யோ, வஸ்ஸல் என்றால் சாமுராய், மேனர் என்றால் ஷோஎன், செர்ஃப் என்றால் பண்ணையடிமை, அதாவது ஜப்பானிய விவசாயி, கில்டு என்றால் ஸா. வணிகத்தில் டெபிட் என்றால் செலவு, கிரெடிட் என்றால் வருமானம், குட்வில் என்றால் நல்லெண்ணம். இதில் தவறு இருக்கிறதா?

ஜூன் 4, இரவு

ஒரு மதிப்பெண் கேள்விக்கு இந்தப் பட்டியல் கைகொடுக்கும், ஐந்து மதிப்பெண் கேள்வியில் காலை வாரிவிடும். இன்றைக்கு வஸ்ஸல்-சாமுராய் ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாலை வகுப்பில் என்னிடம் படிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

சாமுராய் என்பது ஒருவர் யார் என்பதைச் சொல்லும் சொல், போர்த்தொழில் செய்யும் குடியைச் சேர்ந்தவர் என்று அர்த்தம். வஸ்ஸல், அதாவது ஒரு பிரபுவிடம் நிலம் பெற்றுப் பதிலுக்குச் சேவை செய்யும் ஆள், அப்படியில்லை. மருமகன், பங்காளி மாதிரி அது ஒரு முறைச்சொல். மருமகன் என்றதும் யாருக்கு மருமகன் என்று கேட்கத் தோன்றும் அல்லவா, வஸ்ஸல் என்றாலும் யாருக்கு வஸ்ஸல், எந்த நிலத்துக்கு வஸ்ஸல் என்று கேட்க வேண்டும். ஒரு பிஷப் வஸ்ஸலாக இருக்கலாம், ஏன், ஓர் அரசரே இருக்கலாம். இங்கிலாந்தின் அரசர் ஜான், பிரான்சில் தன் கையிலிருந்த நிலங்களுக்காகப் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப்பின் வஸ்ஸல். 1202-இல் பிலிப் அவரைத் தன் அவைக்கு வரச் சொன்னார், ஜான் போகவில்லை, அந்த நிலங்கள் பறிமுதல் என்று தீர்ப்பானது, 1204-இல் நார்மண்டி கைவிட்டுப் போனது. தன் நாட்டில் கிரீடம், கடல் தாண்டினால் இன்னொருவரின் ஆள். சாமுராய் என்ற சொல்லை வைத்து இதை விளக்கவே முடியாது.

ஜப்பானில் வஸ்ஸலுக்குப் பக்கத்தில் வருகிற சொல் கோகெனின். கமகுரா என்ற ஊரிலிருந்து நடந்த போர்வீரர் ஆட்சியில், அதன் தலைவரான ஷோகனோடு நேரடியாக ஆண்டான்-ஆள் உறவு பூண்ட போர்வீரர் அவர். சாமுராய் எல்லோரும் கோகெனின் இல்லை.

ஜூன் 5

உறவு என்று சொல்லிவிட்டு அது எப்படி உண்டாகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

1127-இல் ஃபிளாண்டர்ஸில் புதுக் கோமகனாக வில்லியம் கிளிட்டோ வந்தபோது என்ன நடந்தது என்பதை புரூஜ் நகரத்து எழுத்தர் கால்பெர்ட் எழுதி வைத்திருக்கிறார். என் ஆளாக இருக்க விரும்புகிறாயா என்று கோமகன் கேட்கிறார். விரும்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தன் இரு கைகளையும் சேர்த்து நீட்ட, கோமகன் அவற்றைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொதிந்து பிடிக்கிறார், பிறகு முத்தம். இது ஹோமேஜ். அடுத்து புனிதர்களின் எச்சங்கள் மீது விசுவாச உறுதிமொழி, அது ஃபீல்டி. கடைசியில் கோமகன் தன் கையிலிருந்த ஒரு கோலால் நிலத்தை ஒப்படைக்கிறார், அது இன்வெஸ்டிச்சர். மூன்று சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கை, வாய், கோல் என்று அந்தக் காட்சியை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தால் போதும்.

கமகுராவில் இவ்வளவு கைபிடித்தல் இல்லை, அங்கே காகிதம்தான் பேசும். ஷோகனை நேரில் கண்டு வணங்குவது, அதன்பின் ஏற்கெனவே உன் குடும்பம் வைத்திருந்த நிலத்தை உனக்கே உறுதி செய்கிறேன் என்றோ, புதிதாக இந்த நிலத்தைத் தருகிறேன் என்றோ ஒரு பத்திரம். மேலிருந்து வருவது கோ-ஓன், அருட்கொடை. கீழிருந்து போவது ஹோகோ, சேவை. போரில் உயிரைக் கொடுத்தல், தலைநகர்க் காவல் முறை, எல்லாம் அதில் அடக்கம்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

ஐரோப்பாவில் அது ஒப்பந்தம், ஜப்பானில் வெறும் பக்தி என்று இன்னொரு நண்பர் எழுதியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படியே வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். இப்போது எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காரணம் தகெசாகி சுவெனகா.

கியூஷூ தீவின் ஹிகோ மாகாணத்துச் சிறு கோகெனின் அவர். 1274-இல் மங்கோலியப் படை ஹகாதா கரையில் இறங்கியபோது ஒரு கை எண்ணிக்கை ஆட்களோடு முன்னால் பாய்ந்து சண்டை போட்டார், குதிரை அடிபட்டது, தானும் அடிபட்டார். பரிசு வரவில்லை. மறு வருடம் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் திரட்டி, நாட்டின் மறுகோடியிலிருந்த கமகுராவுக்கே போனார். பரிசுகளுக்குப் பொறுப்பாயிருந்த அதாசி யசுமோரியின் முன் உட்கார்ந்து, முதலில் பாய்ந்தது நான்தான், சாட்சி இன்னார், விசாரித்துப் பாருங்கள் என்று வாதாடி, கைதோ என்ற இடத்தின் ஜிதோ பதவியை, அதாவது நிலத்தை மேற்பார்த்து வரி வசூலிக்கும் பதவியை, வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். யசுமோரி ஒரு குதிரையும் கொடுத்தனுப்பினார். பிற்பாடு அந்தக் கதையைப் படச்சுருளாகவே வரையச் செய்தார், அது இன்றும் இருக்கிறது.

இது வெறும் பக்தியா? வர வேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்கிய மனிதர் அவர். 1232-இல் ஷோகனின் பெயரில் ஆட்சி நடத்திய ஹோஜோ யசுதோகி வெளியிட்ட 51 பிரிவுச் சட்டத் தொகுப்பில் இருபது வருடம் ஆண்டு அனுபவித்த நிலத்தின் உரிமையைக் கலைக்க முடியாது என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பத்திரம், சாட்சி, வழக்கு, தீர்ப்பு என்று நடந்த ஓர் உலகத்தை பக்தி என்ற ஒரே வார்த்தையில் மூடிவிடக் கூடாது.

அப்புறம், இந்தப் பாக்கிதான் கமகுராவை உலுக்கியது. 1221 உள்நாட்டுப் போரில் தோற்றவர்களின் நிலம் ஏராளமாகக் கிடைத்தது, பிரித்துக் கொடுத்தார்கள். மங்கோலியரை 1274-லும் 1281-லும் வென்றபோது எதிரியிடமிருந்து ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை, எதைப் பிரிப்பது? கோகெனின்கள் கடனில் விழுந்து நிலத்தை விற்றார்கள், அடகு வைத்தார்கள். 1297-இல் அரசு கடன் தள்ளுபடி ஆணை போட்டது, தோகுசெய் என்பார்கள். விற்ற நிலம் திரும்பி வந்தது, ஆனால் அதன்பின் அவர்களுக்குக் கடன் கொடுக்க யாருக்கு மனம் வரும்? 1333-இல் அந்த ஆட்சியே முடிந்தது. கடன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதை விட்டுவிட்டு அந்த வீழ்ச்சியைப் படிக்க முடியாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்கிற ஒரே வழி இதுதான். எந்தச் சொல் வந்தாலும் அதற்கு ஜோடி எது என்று தேடாதீர்கள், யார் யாருக்கு என்ன பாக்கி என்று கேளுங்கள். வணிகவியல் சொற்களுக்கும் அதே கேள்விதான்.

ஜூன் 7

மேனர், ஷோஎன்.

மேனர் என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடம். பிரபுவின் வீடு, அவருக்கென்று ஒதுக்கிய டெமேன் நிலம், குடியானவர்களின் நீளநீளமான வயல் பட்டைகள், தேவாலயம், ஆலை. குடியானவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் உழைக்க வேண்டும், அறுவடைக்குக் கூடுதல் நாட்கள். பல இடங்களில் மாவு அரைக்க வேண்டுமென்றால் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும், அதற்கும் கூலி. மகளுக்குக் கல்யாணம் என்றால் ஒரு கட்டணம், அதன் பெயர் மெர்செட். அவர் இறந்துபோனால் வீட்டிலுள்ள நல்ல மாடு பிரபுவுக்கு, அது ஹெரியட். சாவு வீட்டில் தொழுவத்துக்கு வந்து எது நல்ல மாடு என்று பார்த்து ஓட்டிக்கொண்டு போவார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது.

ஷோஎனைத் தேடிப் போனால் மாளிகை கிடைக்காது. கியோட்டோவில் ஒரு பிரபுக் குடும்பமோ பெரிய கோயிலோ மேலே பாதுகாவலராக இருக்கும், அவருக்குக் கீழே உரிமையாளர், அவருக்குக் கீழே நிர்வாகி, களத்தில் ஜிதோ, அதற்கும் கீழே பயிர் வைக்கிற குடும்பத் தலைவர். ஒவ்வொருவருக்கும் விளைச்சலில் இவ்வளவு என்று ஓர் உரிமை, அதன் பெயர் ஷிகி. ஷிகியை வாரிசுக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம், கமகுரா காலத்தில் மகள்களுக்கும் கொடுத்தார்கள், பெண்களே ஜிதோவாக இருந்திருக்கிறார்கள். நிலம் யாருடையது என்று கேட்டால் ஷோஎனில் ஒரே ஆளைச் சுட்ட முடியாது. ஒரே நிலத்தில் ஐந்து பேருக்குப் பங்கு, இன்றைய கம்பெனிப் பங்கு மாதிரி.

செர்ஃபைப் பண்ணையடிமை என்று எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் அப்படி இருக்கிறது, தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனால் செர்ஃப் அடிமை அல்ல. அவருக்கு வீடு உண்டு, பட்டை நிலம் உண்டு, மேனர் நீதிமன்றத்தில் வழக்கத்தைக் காட்டி வாதாடலாம். நிலத்தை விட்டுப் போக மட்டும் உரிமை இல்லை. பல நகரங்களில் ஓடிப்போய் ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் விடுதலை. நிலத்தோடு கட்டுண்ட குடியானவர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8

நேற்று ஷிகியைக் கம்பெனிப் பங்கு மாதிரி என்று எழுதியது ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. பாதிதான் சரி. பிரிக்கலாம், வாரிசுக்குத் தரலாம் என்ற வரையில் பொருந்தும். ஆனால் பங்குதாரருக்குக் கடமை ஒன்றும் இல்லை, வருடா வருடம் ஈவுத்தொகை வந்தால் வாங்கிக்கொள்வார், பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டுப் போவார். ஷிகி என்ற சொல்லுக்கே பதவி, பணி என்றுதான் பொருள். வரி வசூலித்து மேலே அனுப்புவது, ஊரைக் காப்பது என்று வேலையோடு சேர்ந்த வருமானம் அது. ஜிதோ மேலே அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் அமுக்கிக்கொண்டார் என்று உரிமையாளர்கள் போட்ட வழக்குகள் கமகுராவில் குவிந்து கிடந்தன. பங்குதாரர் மேல் அப்படி வழக்குப் போட முடியுமா?

இன்னொன்று. ஜப்பானிய மொழியில் இன்று கம்பெனிப் பங்குக்கு கபுஷிகி என்று பெயர். அதிலும் ஷிகி வருகிறதே, அதே சொல்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, ஒலி ஒன்று, எழுத்து வேறு. அந்த ஷிகிக்கு முறை, வடிவம் என்று பொருள். முன்னால் இருக்கிற கபு வேறு சுவையான சொல், ஸா பற்றி எழுதும்போது வருகிறேன்.

ஜூன் 8, இரவு

ஒரே வரி: ஃபியூடலிசம் என்பதற்குத் தமிழில் நிலப்பிரபுத்துவம், நிலமானியம் இரண்டில் எது என்று கேட்டால் என் ஓட்டு நிலமானியத்துக்கு. சேவைக்காக ஒருவருக்கு நிலத்தை விட்டுக்கொடுப்பது மானியம், உறவின் முடிச்சு அதில் இருக்கிறது. பிரபுத்துவம் என்றால் மேலே இருக்கிறவர் மட்டும் தெரிகிறார். அந்தக் காலத்து ஆட்கள் யாரும் தாங்கள் வாழ்ந்த முறையை இப்படி ஒரே பெயரால் அழைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் அது. 1974-இல் எலிசபெத் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் இந்தச் சொல் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது, விட்டுவிடலாம் என்றே வாதாடினார். ஜப்பானில் இதற்கு வழங்கும் ஹோகென் சீனாவின் பழைய ஜோ அரசு காலத்து முறைக்கு இருந்த பெயர். அதை எடுத்து ஐரோப்பியச் சொல்லுக்குப் பொருத்திக்கொண்டார்கள், அங்கேயும் ஒரு ஜோடி சேர்ப்புதான்.

ஜூன் 11

டைம்யோ பற்றிக் கேட்டவருக்கு. லார்ட், அதாவது தன் பகுதியை ஆளும் பிரபு, என்று சொல்வதில் பெரிய தவறில்லை, ஆனால் எந்தக் காலத்து டைம்யோ என்று சொல்லாவிட்டால் விடை அரைகுறை. தொகுகாவா காலத்தில் (1603 முதல் 1868 வரை) டைம்யோவுக்கு அளவுகோலே உண்டு: பத்தாயிரம் கொகுவும் அதற்கு மேலும்.

கொகு என்றால் என்ன என்று தெரிய உங்கள் சமையலறைக்குப் போங்கள். ஜப்பானிய ரைஸ் குக்கர் வாங்கினால் கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் வரும், 180 மில்லி பிடிக்கும். நம் வீட்டில் நிறையப் பேர் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு டம்ளரால் அளப்பார்கள். அந்தக் கப்தான் ஒரு கோ. பத்துக் கோ ஒரு ஷோ, பத்து ஷோ ஒரு தோ, பத்துத் தோ ஒரு கொகு. ஆக ஒரு கொகு என்பது ஆயிரம் கப் அரிசி, 180 லிட்டர், ஏறத்தாழ 150 கிலோ. நாளைக்கு இரண்டே முக்கால் கப் வீதம் ஒரு ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு. நான் ஒரு நாள் வகுப்புக்கு அந்தக் கப்பை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன், அதன்பின் கொகுவை யாரும் மறக்கவில்லை. காகா பகுதியின் மயேதா குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொகுவுக்கு மேல் என்றால் பத்து லட்சம் வாய்க்கு ஒரு வருடச் சோறு.

இதிலே வணிகப் பாடம் ஒளிந்திருக்கிறது. கொகு மதிப்பு டைம்யோவின் வருமானம் இல்லை, அவர் நிலம் முழுவதும் விளையக்கூடியது இவ்வளவு என்ற மதிப்பீடு. தொகுகாவாவுக்கு முன் ஜப்பானை ஒன்றுபடுத்திய ஹிதெயோஷியின் காலத்தில் ஆட்களை அனுப்பி வயல் வயலாக அளந்து பதிந்த முறை அது. அதில் நாலு பங்கு ஆண்டவருக்கு, ஆறு பங்கு உழுதவருக்கு என்று ஒரு வழக்கம், பாதிப் பாதி என்று இன்னொரு வழக்கம். அப்படி வந்த பங்கிலிருந்து தன் சாமுராய்களுக்குச் சம்பள அரிசி கொடுக்க வேண்டும். 1635 முதல் சட்டமாகவே ஆன சன்கின்-கோதாய் முறைப்படி ஒரு வருடம் ஷோகன் இருந்த எதோ நகரில் (இன்றைய டோக்கியோ), ஒரு வருடம் சொந்த ஊரில் என்று பரிவாரத்தோடு போய் வர வேண்டும். மனைவியும் பிள்ளையும் எதோவில் நிரந்தரம், இரண்டு வீட்டுச் செலவு. மிஞ்சியது சில நேரம் ஒன்றுமில்லை. விற்பனைத் தொகை, வருமானம், லாபம் மூன்றையும் குழப்பிக்கொள்கிற மாணவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். பத்து லட்சம் கொகு விற்பனைத் தொகை மாதிரி, கைக்கு வந்த பங்கு வருமானம், செலவு போக மிஞ்சினால்தான் லாபம்.

டைம்யோவுக்குத் தேவை பணம், கையில் இருப்பதோ அரிசி. அதனால் ஒசாகாவில் கிட்டங்கி கட்டி அரிசியை அனுப்பினார்கள், வாங்கியவருக்கு மூட்டைக்குப் பதில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டு கைமாறிக் கைமாறித் தனிச் சந்தை ஆனது. 1730-இல் ஷோகன் அரசு தோஜிமா சந்தைக்கு முறையான அனுமதி தந்தது. அங்கே அரிசியைக் கண்ணால் பார்க்காமல், பிற்பாடு கணக்குத் தீர்க்கும் பேச்சில், ஏட்டிலேயே வாங்கி விற்றார்கள். இன்று முன்பேர வணிகம் என்று நாம் படிப்பதன் மிகப் பழைய முறையான சந்தைகளில் ஒன்று அது. வேலை விஷயமாக ஒசாகா போயிருந்தபோது தேடிப்பிடித்து அந்த ஆற்றங்கரைக்குப் போனேன். நினைவாக அரிசி மணி வடிவத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் அலுவலகக் கட்டடம், காலை நேரம், எல்லோரும் அதைத் தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

ஜூன் 14

டெபிட் என்றால் செலவு, கிரெடிட் என்றால் வருமானம். இதை உடனே அழித்துவிடுங்கள்.

இத்தாலிய வணிகரின் பழைய பேரேட்டில் ஓர் ஆளின் பெயரைப் போட்டு, இவர் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம், இவர் பெற வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினார்கள். கொடுக்க வேண்டியது டெபிட் ஆனது, பெற வேண்டியது கிரெடிட். அவ்வளவுதான் அடிப்படை, மறுபடியும் பாக்கிக் கணக்கு. நம் கடைகளில் பற்று வரவு என்பது அச்சு அசலாக இதுவே. பள்ளி விடுமுறையில் சித்தப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து நான் நோட்டு எழுதியிருக்கிறேன். ஒருவர் இரண்டு கிலோ பருப்பு கடனாக வாங்கினால் அவர் பக்கத்தில் பற்று, சம்பளத்தன்று வந்து கொடுத்தால் வரவு. பருப்பு போனது சித்தப்பாவுக்குச் செலவா? இல்லையே, வர வேண்டிய சொத்து. பேரேட்டில் பற்று என்ற சொல் என்ன சொல்கிறதோ அதை அந்த நோட்டு எனக்குப் பதினான்கு வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறது, கல்லூரியில் போய்தான் நான் குழம்பினேன். தமிழில் படிக்கிறவர்கள் டெபிட், கிரெடிட்டை விட்டுவிட்டுப் பற்று, வரவு என்றே யோசிக்கலாம், பாதிக் குழப்பம் தீரும்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஓரிடத்தில் பற்று, இன்னோரிடத்தில் வரவு என்று இரண்டு முறை எழுதுவது இரட்டைப் பதிவு. அதைக் கண்டுபிடித்தவர் லூகா பசியோலி என்று எழுதாதீர்கள். 1494-இல் வெனிஸில் அதை அச்சு நூலில் விளக்கியவர் அவர். ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டுக் கணக்கேடுகளிலேயே அந்த முறை முழுதாக இருக்கிறது.

கம்பெனி என்ற சொல்லுக்கு ஒன்றாக ரொட்டி உண்பவர்கள் என்று மூலம். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் பங்காளிகளாகத் தொழில் செய்ததால் வந்த பெயர், கடன் வந்தால் எல்லோர் சொத்தும் போகும். ஃபுளோரன்ஸின் வங்கி நிறுவனங்களான பெருஸ்ஸி 1343-லும் பார்தி அதற்கு மூன்று ஆண்டு பின்னும் விழுந்தபோது அதுதான் நடந்தது. அவர்களிடம் கடன் வாங்கியவர்களில் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டும் உண்டு. கொம்மெந்தா என்பது வேறு. ஊரிலிருந்தபடி ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் கப்பலேறுவார், லாபத்தில் பெரும்பாலும் முக்கால் பங்கு பணம் போட்டவருக்கு, கால் பங்கு கப்பலேறியவருக்கு. கப்பல் மூழ்கினால் முதல் போட்டவருக்கு முதல் மட்டும் நஷ்டம், வீடு தப்பும்.

ஜூன் 14, பின்குறிப்பு

முதல் என்று எழுதியதும் தோன்றியது. கேப்பிடல் என்ற சொல் லத்தீனில் தலை என்பதிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் கால்நடைக்கு உள்ள சொல்லும் அதே வேரில் பிறந்தது. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம். ஹெரியட்டுக்குப் பிரபு ஏன் மாட்டைக் கேட்டார் என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்.

ஜூன் 19

கில்டும் ஸாவும், சொன்னபடி.

ஐரோப்பிய நகரத்துக் கில்டில், அதாவது ஒரே தொழில் செய்பவர்களின் சங்கத்தில், பையன் தொழில் பழகச் சேர்வான், லண்டனில் ஏழு வருடம் வழக்கம். அப்புறம் கூலிக்கு வேலை செய்யும் ஜர்னிமேன், கடைசியில் மாஸ்டர். கில்டின் பலம் நகரத்தில் இருந்தது. ஸா ஜப்பானிய வணிகர், கைவினைஞர் சங்கம், அதன் பலம் ஒரு கோயிலிலோ பிரபுவிடமோ இருந்தது. ஓயமசாகியின் எண்ணெய் ஸாவைப் பாருங்கள். இவாஷிமிசு ஹசிமான் கோயிலுக்கு விளக்கு எரிக்க எண்ணெய் கொடுப்பது அவர்கள் கடமை, பதிலுக்குக் கோயிலின் பெயரைச் சொல்லிச் சுங்கச் சாவடிகளில் வரி கட்டாமல் போகலாம், எண்ணெய் வித்து வாங்குவதில் ஏகபோகம். பாக்கி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது அல்லவா? 1577-இல் போர்த்தலைவர் ஓதா நொபுனாகா தன் அசூச்சி கோட்டை நகரில் ஸாவின் சலுகைகள் செல்லாது, யார் வேண்டுமானாலும் வந்து விற்கலாம் என்று அறிவித்தார்.

ஐரோப்பியக் கில்டுக்கு இன்னும் நெருக்கமாக வருவது பின்னால் வந்த கபுநகாமா. கபு என்றால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. மேலே வெட்டினாலும் வேர் பிடித்து நிற்பது. ஒரு தொழிலில் இத்தனை பேர்தான் என்று வரையறுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கபு. அதை மகனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். அரசுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கிக்கொண்டார்கள். விலைவாசிக்கு இவர்களே காரணம் என்று 1841-இல் ஷோகன் அரசின் மூத்த அமைச்சர் மிசுனோ ததகுனி கலைத்தார், சரக்கு வரத்துதான் குழம்பியது, 1851-இல் மறுபடி அனுமதித்தார்கள். இன்று பங்குச் சந்தையில் ஜப்பானியர் வாங்குவதும் கபுதான்.

ஜூன் 20

குட்வில் பாக்கி இருக்கிறது. இதை என் சொந்த அனுபவத்தோடு சொல்ல வேண்டும்.

பல வருடம் முன்பு கணக்குப் பிரிவில் இருந்தபோது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு எங்கள் மேசைக்கு வந்தது. இயந்திரம் மொழிபெயர்த்த ஆங்கிலம். சொத்துப் பக்கத்தில் கடைவாசல் திரை என்று ஒரு வரி, எதிரே பெருந்தொகை. அறைகலன் பட்டியலில் தேடினேன், சரக்கிருப்பில் தேடினேன், துணி வியாபாரமோ என்றுகூட நினைத்தேன். அரைநாள் போனது. கடைசியில் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவர்தான் சொன்னார், மூலத்தில் நோரென் என்று இருக்கிறது, நோரென் என்றால் குட்வில்.

நோரென் கடை வாசலில் தொங்கும் துணி, கடையின் சின்னம் போட்டிருக்கும், குனிந்து விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தொகுகாவா காலத்துப் பெரிய கடைகளில் பத்துப் பன்னிரண்டு வயதில் தெச்சி என்று எடுபிடியாகச் சேர்வார்கள், பிறகு தெதாய், கடைசியில் பாண்டோ, அதாவது தலைமைக் கணக்கர். இருபது முப்பது வருடம் உழைத்த பாண்டோவுக்கு முதலாளி தன் நோரெனைப் பிரித்துக் கொடுப்பார். அந்தச் சின்னத்தையே தொங்கவிட்டுத் தனிக்கடை வைக்கலாம். துணியின் விலை சொற்பம். ஆனால் அதைப் பார்த்ததும் வாடிக்கையாளர் தயங்காமல் உள்ளே வருவார், அதுதான் கொடுத்தது. 1673-இல் எதோவில் மித்சுயி தகாதோஷி ஆரம்பித்த எச்சிகோயா துணிக்கடை ரொக்க விற்பனை, ஒரே விலை, பேரம் இல்லை என்று பெயர் வாங்கியது. அப்படிப்பட்ட பெயர்தான் நோரென்.

இனி வரையறை தானாக வரும். நிகரச் சொத்து மதிப்பு 40 லட்சம் உள்ள கடையை நீங்கள் 55 லட்சம் கொடுத்து வாங்கினால் அந்த 15 லட்சம் எதற்கு? வாசல் திரைக்கு. தமிழில் நல்லெண்ணம் என்று எழுதாதீர்கள், நற்பெயர் என்பதே பாடப்புத்தகச் சொல், அது சரியான சொல்லும்கூட.

ஜூன் 23

திருத்திய பட்டியலைப் பார்த்தேன். ஜோடிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே கொடுப்பவர், பெறுபவர், எது என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறீர்கள், எனக்கு மிகவும் சந்தோஷம். இரண்டு திருத்தம் மட்டும். கோகெனின் வரிசையில் பெறுபவர் என்று சக்கரவர்த்தியைப் போட்டிருக்கிறீர்கள், அங்கே கமகுரா ஷோகன் வர வேண்டும். ஃபீஃப், அதாவது சேவைக்கு ஈடாக வஸ்ஸலுக்குத் தந்த நிலம், அந்த வரிசையில் சேவை என்று மட்டும் இருக்கிறது, ஆண்டுக்கு நாற்பது நாள் போர்ச்சேவை வழக்கம் என்று சேருங்கள், அதற்குப் பதிலாகப் பணம் கட்டினால் ஸ்கூட்டேஜ். அந்தச் சொல்லையும் ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டங்களை நீங்களே நிரப்பி அனுப்புங்கள், பார்க்கிறேன்.